ரன்ஸாவுக்கு மசாலா வேண்டாம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். லிங்கன் ஸ்டேடியத்தில் ரன்ஸா, அதாவது கறிப் பூரணம் வைத்துச் சுட்ட அந்த பன், வாங்கிச் சாப்பிட்டாயாம், சப்பென்று இருந்ததாம், வீட்டில் செய்யும்போது கரம் மசாலாவும் பச்சை மிளகாயும் போட்டு அதைச் சரிபண்ணப் போகிறாயாம். செய்முறை தருகிறேன். ஆனால் ஒரு கண்டிஷன்: முதல் தடவை மசாலா டப்பாவைத் திறக்கக் கூடாது. அடுத்த தடவை உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன்.

லேசாக இனிக்கும் ஈஸ்ட் மாவு. உள்ளே மாட்டுக் கொத்துக்கறி, முட்டைகோஸ், வெங்காயம், உப்பு, மிளகு. அவ்வளவுதான் சாமான். இதைத் தின்று வளர்ந்தவர்கள் யார் என்று தெரிந்தால், ஏன் இப்படி என்பதும் புரியும்.

1763இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் ஓர் அறிவிப்பு விட்டார். வெளிநாட்டவர் வந்து குடியேறலாம்; நிலம் உண்டு, வரிச்சலுகை உண்டு, ராணுவத்துக்குப் போக வேண்டியதில்லை. ஜெர்மன் பேசும் ஏழைக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, சராத்தவ் பக்கம் வோல்கா நதிக்கரையில் ஊர் ஊராகக் குடியேறினார்கள். நூறு வருஷம் கழித்து அந்தச் சலுகைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1874இல் கட்டாய ராணுவச் சேவை அவர்களுக்கும் வந்ததும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலர் கப்பல் ஏறினார்கள். 1876இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹேஸ் ஊரைச் சுற்றிப் பல கிராமங்களை அமைத்தார்கள். இன்னொரு கூட்டம் நெப்ராஸ்கா மாநிலத்தில் உங்கள் லிங்கனுக்கு வந்தது. வோல்கா கரையிலேயே தங்கிவிட்டவர்களின் கதை மோசம். 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு ஆணை போட்டு அவர்களை மொத்தமாகச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்தியது.

நீ ஆட்டம் பார்த்த ஸ்டேடியத்துக்கு வடக்கே நார்த் பாட்டம்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதே, மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் சின்னச் சின்ன மர வீடுகள், அது அவர்கள் குடியிருந்த பேட்டைதான். ரயில்வேயில் கூலி வேலை. கோடையில் குடும்பத்தோடு மேற்கே போய் சர்க்கரை பீட் (சர்க்கரை எடுக்கும் கிழங்கு) வயலில் களையெடுப்பு. வயலுக்குக் கையில் எடுத்துப்போக, தட்டும் கரண்டியும் இல்லாமல் நின்றபடியே தின்ன, இதைவிட வசதியான சாப்பாடு என்ன இருக்கிறது? முட்டைகோஸ் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும், கொஞ்சம் கறியை நிறைய வயிற்றுக்குப் பங்கிட்டும் கொடுக்கும்.

நீ சாப்பிட்டது கடை ரன்ஸா. 1949இல் சாலி எவரெட் தன் அண்ணன் தம்பிகளில் ஒருவரான அலெக்ஸ் பிரெனிங்குடன் சேர்ந்து லிங்கனில் தொடங்கிய கடை அது. கிளைகளில் பெரும்பாலானவை இன்றும் நெப்ராஸ்காவுக்குள்தான். வீட்டில் செய்வது நீளவாக்கில் இருந்தால் நெப்ராஸ்கா, உருண்டையாக இருந்தால் கன்சாஸ். அங்கே இதைப் பீராக் என்பார்கள். எது சரி என்று இரண்டு மாநிலத்துக்காரர்களும் இருக்கும் இடத்தில் கேட்காதே.

சரி, சமையலுக்கு வருவோம்.

பன்னிரண்டுக்குக் கணக்கு சொல்கிறேன். மாவு 4 கப், அதாவது 500 கிராம். சாதாரண மைதாவே போதும். வெதுவெதுப்பான பால் 1 கப், ஈஸ்ட் ஒரு பாக்கெட் (7 கிராம்), சர்க்கரை கால் கப், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு முட்டை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு. பாலில் விரல் வைத்தால் சுடக் கூடாது. சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிஷம் நன்றாக அடித்துப் பிசை. இறுகலாக இருந்தால் ஒரு கரண்டி பால் தெளித்துக்கொள். மூடி வைத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பங்காக உப்பும். உங்கள் ஊர்க் குளிரில் சமையல் மேடை ஐஸ் மாதிரி இருக்கும், விளக்கை மட்டும் போட்ட ஓவனுக்குள் வைத்துவிடு.

பூரணத்துக்கு ஒரு பவுண்டு கொத்துக்கறி, அரைக்கிலோ முட்டைகோஸ், ஒரு பெரிய வெங்காயம், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அதே அளவு மிளகு. மிளகைப் புதிதாகக் கொரகொரப்பாகப் பொடி. இங்கே இருக்கும் ஒரே காரம் அதுதான், அதில் கஞ்சத்தனம் கூடாது. முட்டைகோஸைக் கத்தியால் பொடியாக நறுக்கு. மெஷினில் போட்டால் கூழாகித் தண்ணீர் விடும்.

முதலில் கறி. பெரிய வாணலி, நல்ல சூடு, கிண்டாமல் கொஞ்ச நேரம் விடு. அடியில் பழுப்பு நிறம் பிடித்த பிறகுதான் உடைத்துவிட வேண்டும். நம் ஆட்கள் கறியைப் போட்டதுமே கிண்ட ஆரம்பித்து வேகவைத்துவிடுகிறோம்; மசாலா அதை மூடி மறைத்துவிடும், இங்கே மறைக்க ஆளில்லை. கொழுப்பு நிறைய இறங்கியிருந்தால் இரண்டு ஸ்பூன் அளவு விட்டுவிட்டு மீதியை வடித்துவிடு. அதிலேயே வெங்காயம், பிறகு முட்டைகோஸ், உப்பு. பத்து நிமிஷம் மூடி வைத்தால் கோஸ் துவண்டு தண்ணீர் விட்டிருக்கும். மூடியை எடுத்துவிட்டு, சுருளச் சுருள வதக்கு. கரண்டியால் பூரணத்தை ஒரு பக்கம் ஒதுக்கிப் பார். அந்த இடத்தில் நீர் கசிந்து வரக் கூடாது. மிளகைக் கடைசியில் போடு.

அப்புறம் ஆறவிடு. வெதுவெதுப்பு கூட இருக்கக் கூடாது. சூட்டோடு வைத்தால் ஆவி உள்ளேயே அடைபட்டு அடி மாவு நசநசவென்று ஆகும், மூட்டிய இடம் பிரிந்துகொள்ளும். முந்தின நாள் ராத்திரியே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மாவைப் பன்னிரண்டு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் ஆறு அங்குல அகலத்துக்குத் தேய். ஓரத்தைவிட நடுப்பகுதி கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், ஏனென்றால் ஓரங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து அடியில் வரும். கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பூரணம். எதிரெதிர் ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து கிள்ளி ஒட்டு, பிறகு இரண்டு நுனியையும் மடித்து ஒட்டு. ஓரத்தில் துளி கொழுப்பு பட்டாலும் மாவு ஒட்டாது, விரலைத் துடைத்துக்கொண்டு கிள்ளு. ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ட்ரேயில் அடுக்கி, இருபது நிமிஷம் மூடி வை. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். வெளியே எடுத்ததும் மேலே வெண்ணெய் தடவு, மினுமினுப்பும் வரும், தோலும் மெத்தென்று ஆகும்.

இப்போது உன் மசாலா விஷயம். வதங்கிய கோஸும் வெங்காயமும் இனிக்கும். மாவும் இனிக்கும். கறியின் கொழுப்பு அந்த இனிப்பைத் தாங்கிக்கொள்ளும், மிளகு நடுவில் வந்து சுருக்கென்று கடிக்கும். இதில் கரம் மசாலா நுழைந்தால் கோஸ் காணாமல் போய்விடும், மாவின் இனிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். கடைசியில் கிடைப்பது நம்ம ஊர் பேக்கரி பப்ஸின் சுமாரான தங்கச்சி. பப்ஸ் ஆசையாக இருந்தால் பப்ஸே செய், நானும் வருகிறேன்.

சீஸ் வைக்கலாம், நெப்ராஸ்காக்காரர்களே வைக்கிறார்கள். கன்சாஸில் சிலர் பச்சைக் கோஸுக்குப் பதில் புளித்த கோஸ் போடுவார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உனக்குப் புளிப்பு பிடிக்குமே, பார். உன் ரூம்மேட் மாட்டுக்கறி சாப்பிட மாட்டாள் என்றாய். அவளுக்கு வான்கோழிக் கொத்துக்கறியில் செய், ஆனால் அதில் கொழுப்பு கம்மி, ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்து வதக்கு. ஒரே ட்ரேயில் வைப்பதானால் அவளுடையதை உருண்டையாகச் செய்துவிடு, குழப்பம் வராது.

மிச்சத்தை ஆறியபின் ஒவ்வொன்றாக ஃபாயிலில் சுற்றி ஃப்ரீசரில் போடு. ஃபாயிலோடு மைக்ரோவேவில் வைத்துவிடாதே. ஜனவரி, பிப்ரவரியில் செவ்வாய்க்கிழமைகளில் கடைக்கே போவதும் புத்திசாலித்தனம்தான்: காலை 6 மணிக்கு வெப்பநிலை எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட்டோ, அன்றைக்கு ஒரு ரன்ஸா அத்தனை சென்ட் விலை, கூடவே உருளை வறுவலும் குளிர்பானமும் வாங்க வேண்டும்.

சனிக்கிழமை செய்வதானால் பூரணம் ஆறும் நேரத்தில் போன் பண்ணு. கெட்ச்சப் பாட்டிலை மேஜையில் வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அன்புடன்,
அக்கா