இட்லிக்கார அம்மாவின் கைநாட்டு

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. ஒரு மாதம் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டார்கள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, போன வாரம் பெட்டியோடு ஏற்றிவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கு 20 பழைய கம்ப்யூட்டர் சேர்த்துவிட்டாய் என்பதை ரெண்டு தடவை படித்தேன். ஆனால் "எல்லாத்தையும் ஃபார்மட் அடிச்சாச்சு, அடுத்த வாரம் கொடுத்திரலாம்" என்று எழுதியிருக்கிறாயே, அது உறுத்துகிறது. பங்காளி, இப்போது கொடுக்காதே. நான் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கொடு. அதிலும் ஒன்று பிரவுசிங் சென்டரில் இருந்து வந்தது என்கிறாய்.

போன வருஷம் எனக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. எங்கள் ஏரியாவில் மூடிப்போன ஒரு ஜெராக்ஸ் கடையின் மெஷின். ஃபார்மட் செய்துதான் கொடுத்தார்கள், திறந்தால் டிஸ்க் காலி. சந்தேகத்தில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான படங்களை மீட்டுவிட்டது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். எங்கள் தெருமுனையில் இட்லி விற்கிற அம்மாவின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பமும் இருந்தது. ஓரத்தில் போட்டோ, கீழே ஊதா மையில் கைநாட்டு. அந்த ரேகை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அதோடு மூடிவிட்டேன், மேற்கொண்டு பார்க்க மனசு வரவில்லை. தன் பெருவிரல் ரேகை ஒரு பழைய பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அப்படியென்றால் அழிக்க வேண்டியவனும் நான்தானே?

டெலீட் செய்வதும் குயிக் ஃபார்மட் அடிப்பதும் வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுகிற மாதிரி. வீட்டில் ஆள் அப்படியே குடியிருக்கிறார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான் போகிறது. அதே இடத்தில் வேறு எதையாவது எழுதினால்தான் பழையது போகும். ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸால் தான் உட்கார்ந்திருக்கிற டிஸ்கையே முழுசாக அழிக்க முடியாது, நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரம் வெட்டுகிற கதைதான். பென்டிரைவிலிருந்து பூட் ஆகிற, அதாவது அதிலிருந்தே தொடங்குகிற லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் குடியேறிவிடும். டிஸ்க் சும்மா கிடக்கும், நீ எதையும் செய்யலாம்.

டிஸ்கை அழிக்க ரொம்பக் காலம் எல்லாரும் டிபான் என்ற இலவச மென்பொருளைத்தான் வைத்திருந்தோம். 2015-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை. நான் இப்போது அதே வேலைக்கு ஷ்ரெட்ஓஎஸ் என்ற குட்டி லினக்ஸை வைத்திருக்கிறேன். பென்டிரைவைச் செருகி ஆன் செய்தால் நேராக என்வைப் என்ற அழிக்கும் மென்பொருளின் திரை வந்து நிற்கும். டிஸ்குகளின் மாடல், கொள்ளளவு, சீரியல் நம்பர் எல்லாம் வரிசையாக இருக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். நான் பெட்டியைத் திறந்து, டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரைத் தாளில் எழுதி, திரையில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். உன் சொந்த போட்டோ இருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க் எதுவும் அந்த மேஜையிலேயே இருக்கக் கூடாது. ஸ்பேஸ் பாரில் தேர்ந்தெடுத்து, முழுக்கப் பூஜ்யம் எழுதும் முறையை வைத்து, ஒரே ஒரு சுற்று, கடைசியில் சரிபார்ப்பு என்று கொடு. பிறகு பெரிய எஸ் எழுத்தை அழுத்தினால் ஓட ஆரம்பிக்கும். 500 ஜிபி டிஸ்குக்கு எழுத ஒன்றரை, ரெண்டு மணி நேரம். சரிபார்க்க இன்னொரு அவ்வளவு. ராத்திரி போட்டுவிட்டுப் படு. கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்டு.

ஒரு சுற்று போதுமா என்று கேட்பாய். 35 தடவை எழுதணும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தக் காலத்துப் பலவகை டிஸ்குகளையும் மனதில் வைத்துச் சொன்னது. இன்றைய டிஸ்குக்கு 35-ம் தேவையில்லை என்று பின்னாளில் அவரே எழுதிவிட்டார். ஒரு சுற்றை ஒழுங்காக முடித்து, முடிந்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம். பலரும் அந்தப் பார்ப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.-யில் படித்த கார்ஃபிங்கல், ஷெலாட் என்ற ரெண்டு பேர் 158 பழைய டிஸ்குகளை வாங்கிச் சோதித்து 2003-ல் எழுதினார்கள். ஓடிய 129-ல் முறையாக அழிக்கப்பட்டவை வெறும் 12. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவ விவரங்களும் கிடைத்தன. விற்றவர்களில் எத்தனையோ பேர் உன்னைப் போலத்தான் "ஃபார்மட் அடிச்சாச்சு" என்று நம்பியிருப்பார்கள்.

என்வைப் சரிபார்த்துச் சொன்னாலும் நான் ஒரு தடவை கண்ணால் பார்ப்பேன். பென்டிரைவிலிருந்தே ஓடுகிற ஏதாவது லைவ் லினக்ஸில் பூட் செய்து, டிஸ்கில் இருப்பதை எண்களாகக் காட்டுகிற ஹெக்ஸ்டம்ப் கட்டளையில் டிஸ்கின் முதல் சில ஜிபியைப் படிக்கச் சொன்னால், ஒரு வரி முழுக்கப் பூஜ்யங்கள் வரும். அடுத்த வரியில் தனியாக ஒரு நட்சத்திரக் குறி. மேலே இருப்பதேதான் இனி எல்லாம் என்று அதற்குப் பொருள். அந்த ஜெராக்ஸ் கடை டிஸ்கில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தபோது விடிகாலை மூணு மணி. அதற்கப்புறம்தான் தூங்கினேன்.

சுழலும் டிஸ்குக்குத்தான் இவ்வளவும். எஸ்எஸ்டி, அதாவது சுழலாமல் சிப்பில் எழுதுகிற டிஸ்க், வேறு ஜாதி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேயக்கூடாது என்று அதன் உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் சிப் எழுத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். உபரியாக ஒரு பகுதியையும் நம் கண்ணில் படாமல் வைத்திருக்கும். மேலே பூஜ்யம் எழுதினாலும் உள்ளே எங்காவது மிச்சம் இருக்கலாம். அதனால் அதையே அழிக்கச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி சாட்டா வகை என்றால் எச்டிபார்ம் என்ற லினக்ஸ் கட்டளை வழியாக செக்யூர் இரேஸ், என்விஎம்இ வகை என்றால் அதற்கென்றே உள்ள ஃபார்மட் கட்டளையை செக்யூர் இரேஸோடு கொடுப்பது, விண்டோஸ் ஃபார்மட் அல்ல. பல மெஷினில் எச்டிபார்ம் டிஸ்கை "ஃப்ரோசன்" (பூட்டியிருக்கிறது) என்று காட்டி அடம்பிடிக்கும். லேப்டாப்பை ஒரு தடவை தூங்க வைத்து எழுப்பினால் பெரும்பாலும் இறங்கி வரும்.

பேட் செக்டார் விழுந்த, அதாவது சில இடங்கள் கெட்டுப்போன டிஸ்கோடு மல்லுக்கட்டாதே. எழுத முடியாத இடத்தில் பழையது அப்படியே இருக்கும். அதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்காதே, காயலான் கடைக்கும் போடாதே. கழற்றி, நடுவில் டிரில்லால் மூணு நாலு ஓட்டை போடு. லேப்டாப் டிஸ்கில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், சில்லு தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய், பேரனைப் பக்கத்தில் விடாதே.

அழித்து முடித்தவற்றில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச லினக்ஸ் போடு. 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். தமிழ் விசைப்பலகையையும் அப்போதே சேர்த்துவிடு, பிள்ளைகள் முதல் நாளே தமிழில் அடித்துப் பார்க்கட்டும்.

நாளைக்கே ரெண்டு பென்டிரைவ் கூரியரில் அனுப்புகிறேன். ரெண்டும் ஷ்ரெட்ஓஎஸ்தான், இரண்டு மெஷினை ஒரே நேரத்தில் ஓட்டலாம். பிரவுசிங் சென்டர் பெட்டியிலிருந்து ஆரம்பி. எஸ்எஸ்டி இருக்கிற அந்த மூணு லேப்டாப்பை மட்டும் தொடாமல் வை. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், சேர்ந்து முடிப்போம். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பங்காளி