கிளிநொச்சியிலிருந்து மச்சானுக்கு

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக நெல் நல்ல பச்சை, மழைதான் விடுவதாக இல்லை.

உங்கள் கசாண்ட்ரா தரவுத்தளத்தில் டைம்அவுட் (நேரத்துக்குப் பதில் வராமல் வினவல் கைவிடப்படுவது) வருகிறது, அதனால் வாசிப்பு வரம்பை 5 வினாடியிலிருந்து 30 ஆக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். காத்திருக்கும் வினவல்கள் குவிந்து, ஒழுங்காக ஓடும் நோடும் (தரவைப் பங்கிட்டு வைத்திருக்கும் சர்வர்) திணறத் தொடங்கும். பிழைச்செய்தியை முழுதாக வாசி. 2 நோடின் பதில் தேவை, 1 தான் வந்தது என்று அதிலேயே இருக்கும். பிந்துவது எப்போதும் ஒரே நோட் என்றால் அதன் டிஸ்க்கையும் நினைவகத்தைத் துப்புரவாக்கும் ஜாவாவின் கார்பேஜ் கலெக்‌ஷனையும் பார். நோட் மாறி மாறி வந்தால் டேபிளைச் சந்தேகப்படு.

எங்களிடம் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலை ஒன்று இருக்கிறது. அனுப்ப வேண்டியதை டேபிளில் போடுவது, அனுப்பியதும் அழிப்பது. மழை நாளில்தான் டைம்அவுட் வரும். எல்லோரும் கரண்டையும் லைனையும் திட்டினார்கள் (வன்னியில் அந்தப் பழி எப்போதும் செல்லும்). டிரேசிங் (வினவல் போகும் வழியைப் பதிவது) போட்டுப் பார்த்தால், மிஞ்சியிருந்த சில வரிகளை எடுக்க ஆயிரக்கணக்கான டூம்ஸ்டோன்களைத் தாண்டிப் போயிருக்கிறது. அழித்தது உடனே போகாதே; அழித்ததற்கான அடையாளம் (அதுதான் டூம்ஸ்டோன்) வழமையாக 10 நாளாவது கிடக்கும். மழை கூடினால் அறிவித்தல் கூடும், அழிப்பும் கூடும். ஒரு வாசிப்பில் டூம்ஸ்டோன் 1,000 தாண்டினால் லொக்கில் (பதிவுக் கோப்பில்) எச்சரிக்கை விழும். 1,00,000 தாண்டினால் வினவலே நின்றுவிடும். எச்சரிக்கை விழுந்துகொண்டுதான் இருந்தது, லொக்கைத் திறக்கத்தான் ஆளில்லை.

அந்த 10 நாளைக் குறைப்போம் என்றான் ஒரு தம்பி. அதற்குள் ரிப்பேர் (நோடுகளின் பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்வது) ஓடாவிட்டால், அழிப்பு போய்ச்சேராத நோடிலிருந்து பழைய வரி உயிர்த்து வரும். ‘இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப்படுகிறது’ என்ற பழைய செய்தி இரண்டாம் தரம் சனத்துக்குப் போனால் என்ன நடக்கும், யோசி! கடைசியில் பார்டிஷன் கீயில் (வரிகளைத் தொகுதிகளாகப் பிரிக்கும் திறவுகோலில்) மணித்தியாலத்தையும் சேர்த்தோம். முடிந்த மணித்தியாலங்களை வாசிப்பு இப்போது தொடுவதே இல்லை. அடைமழையிலும் ஓடுகிறது.

அப்புறம், டைம்அவுட் வந்ததும் உங்கள் செயலி விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றாயே, அதை இன்றைக்கே நிறுத்து. மூச்சு வாங்குகிற நோடுக்கு அதுதான் பெரிய சுமை. டிரேஸ் எடுத்ததும் எனக்கு அனுப்பு.

தங்கச்சியின் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டீர்களா? மாசி என்றால் இங்கே நெல் அருவிவெட்டு, என்னை எதிர்பார்க்காதே.

அன்புடன்,
உன் மச்சான்