சுந்தரத்துக்கு, உன் கேஸ் அடுப்பைப் பற்றி

கோயம்புத்தூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமானதையும், உன் முழங்கால் வலி மறுபடியும் மலை ஏறுகிற அளவுக்குக் குறைந்திருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கதைகளை நேரில் பேசிக்கொள்வோம். நீ போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்தச் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன். அதில் ஒரு வரி என்னை உண்மையாகவே கவலைப்படுத்திவிட்டது.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டபடி வரிசைப்படுத்துகிறேன். ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்கியபோது, விடியற்காலையில் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தால் தீ சிறுத்துச் சிறுத்து அணைந்துபோனது. ஊர் திரும்பியதும் அதே அடுப்பு நன்றாகவே எரிந்தது. அடுப்பில் மாட்டுகிற சின்ன கேஸ் டப்பா தீர்ந்ததும் அதைக் கடைத்தெருவில் யாரோ ஒருவரிடம் கொடுத்து, வீட்டு சிலிண்டரிலிருந்து அதில் கேஸ் நிரப்பி வாங்கினாய். கொஞ்ச நாள் எரித்தாய். பிறகு அடுப்பு பரணில் கிடந்தது. இப்போது எடுத்துப் பற்றவைத்தால் தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது, முன்பிருந்த இரைச்சலும் இல்லை. ஆகவே வாயு வருகிற துளை அடைத்திருக்கும் என்று ஊசியை விட்டுக் குத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து குத்தாதே. இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அடுப்பில் கை வை.

முதலில் ஊட்டியில் நடந்ததைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம், ஏனென்றால் அது அடைப்பே இல்லை. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கிறது. பியூட்டேன் கொதித்து ஆவியாகிற வெப்பநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும் அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதாலும் இன்னும் சில டிகிரி கீழே வரை அது ஆவியாகும். ஆனால் டப்பாவுக்குள் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். போதாததற்கு, திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே இழப்பதால், அடுப்பு எரிய எரிய டப்பா இன்னும் குளிர்ந்துகொண்டே போகும். பனி உறைகிற ஜனவரி விடியலில் தீ சிறுத்ததற்கு இதுவே காரணம். ஊருக்கு வந்ததும் தானாகச் சரியானதே இதற்குச் சான்று. அடுத்த முறை புரொப்பேனோ ஐசோபியூட்டேனோ கலந்த டப்பா வாங்கிக்கொள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வாக்கிலும் கொதிப்பதால் மலைக்குளிரில் அவை கைவிடுவதில்லை. எதுவும் கிடைக்காவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் டப்பாவை வைத்தாலே போதும். கை தாங்காத சூடு கூடவே கூடாது.

இப்போது இருக்கிற கோளாறு வேறு. அதைப் புரிந்துகொள்ள இந்த அடுப்பில் வாயு போகிற வழியை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார். டப்பாவிலிருந்து கிளம்பும் வாயு, நாம் திருகுகிற வால்வைத் தாண்டி, ஜெட் என்கிற சிறு பித்தளை முனையின் நடுவிலுள்ள ஒரு துளை வழியாக வேகமாகப் பீறிடுகிறது. அந்தத் துளை ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான். பீறிடும் வேகத்தில், ஜெட்டுக்குச் சற்று மேலே குழாயின் பக்கவாட்டில் இருக்கிற துளைகள் வழியாகக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே போய், பர்னரில் எரிகிறது. 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் வேதியியலாளர் புன்சென் தன் ஆய்வுக்கூடத்துக்காக உருவாக்கிய விளக்கின் தத்துவம் இதுவே; நாம் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பர்னரும் அதுதான். ஒரு பங்கு பியூட்டேன் முழுதாக எரிய 31 பங்கு காற்று வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஜெட் துளை எவ்வளவு முக்கியமோ, யாரும் திரும்பிப் பார்க்காத பக்கத்துத் துளைகளும் அவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ஆகவே தீயைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். தீ நீலமாகவே இருந்து சிறுத்துப்போனால், வாயு குறைவாக வருகிறது: டப்பா தீர்ந்திருக்கும், குளிர்ந்திருக்கும், அல்லது ஜெட் அடைத்திருக்கும். தீ மஞ்சளாகிக் கரி பிடித்தால், காற்று குறைவாக வருகிறது. பர்னரின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால், பொங்கி வழிந்த பாலோ கஞ்சியோ மேலே உள்ள துளைகளை மூடியிருக்கும். உன் அடுப்பில் மஞ்சளும் இருக்கிறது, இரைச்சலும் குறைந்திருக்கிறது. இரைச்சல் என்பது வாயு ஜெட்டிலிருந்து பீறிடுகிற சத்தம். அது குறைந்தால் ஜெட்டிலும் ஏதோ இருக்கிறது. எனவே உனக்கு இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காற்று வழியிலிருந்து தொடங்கு. டப்பாவைக் கழற்றி, அடுப்பை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பக்கத்துத் துளைகள் வழியாக உள்ளே பார். பரணில் மாதக்கணக்கில் கிடந்த அடுப்பு என்பதால் குளவி மண் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் பிளக் ஓட்டைகளையும் குழாய் முனைகளையும் அது விட்டுவைப்பதில்லையே. மண் இல்லாவிட்டால் சிலந்தி வலை இருக்கும். எரிபொருள் போகும் குழாய்களுக்குள் சிலந்தி குடியேறுவது உலகெங்கும் உள்ள தொல்லை. 2011இல் வட அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனம் சுமார் 65,000 கார்களைத் திரும்பப் பெற்றதற்கு, பெட்ரோல் தொட்டியின் காற்றுக்குழாயில் சிலந்தி வலை கட்டியதுதான் காரணம். ஒரே ஒரு மெல்லிய வலை போதும், காற்று உள்ளே வருவது தடைப்பட்டுத் தீ மஞ்சளாகிவிடும். பால்புட்டி கழுவுகிற சிறிய பிரஷ்ஷோ, பீடி கட்டுகிற நூலைப்போல் மெல்லிதாக முறுக்கிய துணியோ விட்டுத் துடைத்தால் வந்துவிடும். மண் இறுகியிருந்தால் சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்து. பர்னர் தலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

அடுத்தது ஜெட். இங்கேதான் பொறுமை வேண்டும். அடுப்பின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அளவான இன்னொரு ஸ்பேனரால் ஜெட்டைக் கழற்று. கட்டிங் பிளேயரால் பிடிக்காதே. பித்தளை மென்மையான உலோகம், முனைகள் மழுங்கிவிட்டால் பிறகு எதனாலும் கழற்ற முடியாது. கழற்றியதும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகத் துளையைப் பார். சுத்தமான ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஒளிப்புள்ளி விளிம்பு சிதையாத முழு வட்டமாகத் தெரியும். உன் ஜெட்டில் அந்தப் புள்ளி பாதி மறைந்தோ, பழுப்பு நிறத்தில் மங்கியோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சில அடுப்புகளில் ஜெட்டின் பின்புறம் ஒரு சிறு வடிகட்டி இருக்கும். இருந்தால் அதையும் பார், ஆனால் எடுத்து எறிந்துவிடாதே.

ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் கார்புரேட்டர் கிளீனரோ பெயிண்ட் தின்னரோ ஊற்றி, ஜெட்டை மட்டும் ஓர் இரவு ஊறப்போடு. ரப்பர் வாஷர் எதுவும் அதில் படக் கூடாது, உப்பிவிடும். காலையில் எடுத்து, சைக்கிள் பம்பால் காற்றடி. அடிக்கும் திசை முக்கியம்: வாயு வெளியே வருகிற சின்னத் துளைப் பக்கத்திலிருந்து, அகலமான உட்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். அப்போதுதான் அழுக்கு வந்த வழியே அகன்ற பக்கமாக வெளியேறும். மறுபுறம் அடித்தால் துளையில் இன்னும் இறுகும். பெரும்பாலான அடைப்பு இதிலேயே போய்விடும்.

போகாவிட்டால்தான் கம்பி. நம் அம்மாக்கள் பம்பு ஸ்டவ்வுக்கு வைத்திருந்த ஸ்டவ் பின் உனக்கு நினைவிருக்கும். அது அந்த நிப்பிளின் துளைக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. தையல் ஊசியும் சேஃப்டி பின்னும் இந்த ஜெட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல் தடிமன், அதோடு எஃகு. துளை 0.30 மில்லிமீட்டரிலிருந்து 0.36க்கு விரிந்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதன் பரப்பு 44 சதவீதம் கூடிவிடும். வாயு அந்த அளவுக்கு அதிகமாகப் பாயும், காற்று ஈடுகொடுக்காது, தீ நிரந்தரமாக மஞ்சளாகிவிடும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. எலெக்ட்ரிக் கடையில் 23/76 ஒயர் என்று கேள். 23 செப்பு இழைகள் கொண்ட அந்த ஒயரில் ஒவ்வோர் இழையும் 0.0076 அங்குலம், அதாவது 0.2 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. ஒரு சாண் வெட்டி, ஓர் இழையை உருவி, உட்பக்கத்திலிருந்து மெதுவாக நுழைத்து முன்னும் பின்னுமாக இழு. செப்பு பித்தளையைவிட மென்மையானது என்பதால் துளையைக் கீறாது. பிறகு மறுபடியும் தின்னரில் அலசிக் காற்றடி.

மாட்டும்போது ஜெட் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதே; அதன் நூலே பிரிந்து போய்த் துளையை அடைக்கும். கையால் முழுதும் திருகிய பிறகு ஸ்பேனரால் லேசாக இறுக்கினால் போதும். டப்பா பொருந்துகிற இடத்திலுள்ள ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, விரலால் தடவிப் பார். வெடிப்போ தட்டையாகிப்போன பகுதியோ தெரிந்தால் புதிது போடு.

இனி என்னைக் கவலைப்படுத்திய அந்த வரிக்கு வருகிறேன். உன் ஜெட்டை அடைத்தது பெரும்பாலும் நீ நிரப்பி வாங்கிய கேஸ்தான். வீட்டு அடுப்புக்கு சிலிண்டரின் மேற்பகுதியிலிருந்து ஆவியாகத்தான் வாயு வருகிறது. அதில் உள்ள பிசுபிசுப்பான எண்ணெய்ப்பசையும் துருவும் அடியிலேயே தங்கிவிடும். நிரப்பித் தருகிறவர்கள் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திரவமாக இறக்குகிறார்கள். அடிக்கசடுதான் முதலில் இறங்குகிறது. அதுகூடப் பெரிதில்லை. உன் டப்பா ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காகச் செய்த மெல்லிய தகரம். வீட்டு கேஸில் புரொப்பேனும் கலந்திருப்பதால் அதன் அழுத்தம் வெறும் பியூட்டேனைவிட அதிகம். அளவு பார்க்காமல் நிரப்பியிருந்தால், வெயிலில் திரவம் விரிய இடமே இருக்காது, டப்பா பிளக்கும். இப்படி மாற்றி நிரப்புவது சட்டப்படியும் தடை. புதிய 230 கிராம் டப்பா வாயுவோடு சேர்த்து 380 கிராம் அளவில்தான் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பார், அதைத் தாண்டினால் உனக்கே புரியும். எடை குறைவாக இருந்தாலும் அதை இனி மாட்டாதே. ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு அதே டப்பாவை மாட்டினால் மறுபடியும் அடைக்கும் என்பது சின்னக் காரணம். நீயும் உன் வீட்டாரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதுதான் பெரிய காரணம்.

புது டப்பாவை மொட்டைமாடியில் வைத்து மாட்டு. பக்கத்தில் தீயோ சிகரெட்டோ இருக்கக் கூடாது. சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, வால்வைக் கொஞ்சம் திறந்து பார். குமிழி எழுந்தால் உடனே மூடிவிட்டு மறுபடியும் ஓ-ரிங்கைக் கவனி. பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தங்கும் என்பதால் வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இந்தச் சோதனை வேண்டாம். குமிழி இல்லையென்றால் பற்றவை. சற்று நேரத்தில் தீ நீலமாக நிலைத்து, பழைய இரைச்சல் திரும்பினால் வேலை முடிந்தது. அதன்மேல் பெரிய தோசைக்கல் வைக்காதே; கல்லில் பட்டுத் திரும்புகிற சூடு நேரே கீழே உள்ள டப்பாவில் இறங்கும். எவ்வளவு குளிராக இருந்தாலும் மூடிய கூடாரத்துக்குள் இதை எரிக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர்களை எழுப்பாது.

ஜெட்டைக் கழற்றியதும் அதன் துளையைப் பூதக்கண்ணாடி வழியாகப் படம் எடுத்து அனுப்பு. வட்டம் கெட்டிருந்தால் அடுப்பின் மாடல் எண்ணையும் எழுது. அதே நிறுவனத்தின் ஜெட் இங்கே காந்திபுரத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். லேத்தில் கடைந்து போடுகிற யோசனை மட்டும் வேண்டாம். நிரப்பிய டப்பாவை இந்தக் கடிதம் கண்ட அன்றே சமையலறையிலிருந்து எடுத்து, வெயில் படாத திறந்த இடத்தில் வைத்துவிட்டு, அதை எப்படி அப்புறப்படுத்துவது என்று உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கேள்.

அன்புடன்,
கதிரேசன்