திங்கட்கிழமை வந்து கேட்பார்கள்

அன்பு மகளுக்கு,

நலமா? நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார்.

நேற்று நீ போனில் சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் டிவி சேனலில் வாரம் ஒரு புதுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும் நிகழ்ச்சி, நான்கு நிமிடம், பொறுப்பு உன்னுடையது. "நாலு நிமிஷத்துல என்னம்மா சொல்லிட முடியும்?" என்று கேட்டாய். எனக்குப் போனில் பேச்சு சரியாக வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். 31 வருடம் கிளை நூலகத்தில் இரவல் மேசைக்குப் பின்னால் இருந்தவள் நான். டிவியிலோ ரேடியோவிலோ ஒரு புத்தகத்தைப் பற்றி யாராவது பேசினால் மறுநாள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஸ்டுடியோவிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

2020 கடைசி உனக்கு நினைவிருக்கும். ஊரடங்குக்குப் பிறகு நூலகத்தைத் திறந்த புதிது. பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் கூட வரப் பயந்த நேரம். அந்த வருடம் விஜய் டிவியில் பிக் பாஸ் நான்காவது சீசன் ஓடியது. வார இறுதியில் வரும் கமல்ஹாசன் ஒரு புத்தகத்தைச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை அப்போதுதான் ஆரம்பித்தார். கொரோனா காலம் என்பதால் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 'கொள்ளை நோய்' நாவலைப் பற்றிப் பேசினார். பிறகு ஒரு வாரம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'.

அடுத்த திங்கட்கிழமை காலை, நான் கதவைத் திறந்து பெருக்கிக்கூட முடிக்கவில்லை. எதிரே மருந்துக்கடையில் வேலை பார்த்த பையன் வந்து நின்றான். கையில் மாத்திரை அட்டையைக் கிழித்த துண்டு. அதில் 'புயல் தோணி சிங்காரம்' என்று எழுதியிருந்தான். அதுவரை போட்டித் தேர்வுப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் எடுத்தவனில்லை. கீழ் அடுக்கில் தேடி எடுத்துத் தூசி தட்டினேன். பின்னால் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை 2013. ஏழு வருடமாக அந்தப் புத்தகத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

பொங்கலுக்குள் அதே சீட்டில் ஐந்து முத்திரை விழுந்தது. ஒருவர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் அடுத்தவர் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு டீச்சர், ஒரு ஆட்டோக்காரர், ஐ.டி.யில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்த ஒரு பெண். முழுக்கப் படித்தது எத்தனை பேர் என்று சொல்ல மாட்டேன், அது கஷ்டமான புத்தகம்தான். அந்த மருந்துக்கடைப் பையன் இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கிப் படித்தான். திருப்பித் தரும்போது, "மேடம், இவரு நம்ம மதுரைலயே இருந்தாராமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் அத்தனை வருடத்தில் ஒருவரைக் கூப்பிட்டு இதைப் படி என்று நான் கொடுத்ததில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதிலேயே கப்பலேறி இந்தோனேசியாவுக்கு, மெடானுக்கு, வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரை அங்கேயே பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றை அறை, தனி வாழ்க்கை. நாவலை எழுதி முடித்துப் பத்து வருடம் போல வைத்திருந்து, 1972இல்தான் அது புத்தகமாக வந்தது. 1997இல் இறந்துபோனார். டிவியில் அவர் பெயரைச் சொன்னபோது அவர் போய் 23 வருடம் ஆகியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியவர்கள் சிற்றிதழ்க்காரர்களும், மறுபதிப்புப் போட்டவர்களும், வாய் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இருந்த கொஞ்சம் வாசகர்களும்தான். டிவி கடைசியாகத்தான் வந்தது. ஆனால் அது வந்த பிறகுதான் புத்தகம் மருந்துக்கடைப் பையனிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் நீ மனதில் வைத்துக்கொள்.

கமல் மாதிரி பெரிய மனிதர் சொன்னதால் கேட்டார்கள், நான் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நீ நினைக்கலாம். புகழ் ஒரு பங்கு, சரிதான். ஆனால் சொல்கிறவர் அதைப் படித்திருக்கிறாரா இல்லையா என்பது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். முகத்தில் தெரியும், குரலில் தெரியும். பல வருடத்துக்கு முன்னால் உலகப் புத்தக நாளுக்கு நம் நூலகத்தைப் படம் பிடிக்க ஒருவர் வந்தார். அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, பின்னட்டையை அப்படியே கேமராவைப் பார்த்து ஒப்பித்தார். எழுதியவர் பெயரையும் தப்பாகச் சொன்னார். ஒளிபரப்பான பிறகு அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஒரு ஆள் வரவில்லை.

பிரான்ஸில் பெர்னார் பிவோ என்று ஒருவர் இருந்தார். லியோன் நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்களின் மகன். 2024 மே மாதம் அவர் இறந்தபோதுதான் அவரைப் பற்றி நிறையப் படித்தேன். 1975லிருந்து 1990 வரை வெள்ளிக்கிழமை ராத்திரி 'அப்போஸ்த்ரோஃப்' என்று டிவியில் நிகழ்ச்சி நடத்தினார். 724 தடவை. எழுத்தாளர்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேச்சு, அவ்வளவுதான். பாட்டு இல்லை, பரிசு இல்லை. சனிக்கிழமை காலையில் ஜனங்கள் புத்தகக் கடைக்குப் போய், நேற்று டிவியில் காட்டியது எங்கே என்று கேட்பார்களாம். அதற்கு அவர் கொடுத்த விலை, நாள் முழுக்க உட்கார்ந்து படித்தது. அழைத்த எழுத்தாளர்களின் புத்தகங்களைக் குறிப்பெடுத்துப் படித்துவிட்டுத்தான் கேமரா முன்னால் உட்கார்ந்தார். அவர் பெரிய விமர்சகராகத் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர் கேட்க நினைக்கும் கேள்வியைக் கேட்டார். நீயும் அந்த இடத்தில் நின்றுகொள்.

அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரே 1996 செப்டம்பரில் தன் டிவி நிகழ்ச்சியில் புத்தக கிளப் ஆரம்பித்த கதை உனக்கே தெரியும். அவருடைய இரண்டாவது தேர்வு டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்', அப்போதே 19 வருடப் பழைய நாவல். மாரிசன் நோபல் பரிசு வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் அவரை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது அந்த நிகழ்ச்சி. 'புதிது' என்றால் போன மாதம் அச்சான புத்தகம் மட்டும்தான் என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொன்னால், இந்த உதாரணத்தைச் சொல். படிக்காதவருக்கு எந்தப் புத்தகமும் புதிதுதான்.

ஓப்ராவிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. அவர் தேர்வு செய்த புத்தகங்களில் 10,000 பிரதிகளைப் பதிப்பகம் நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. இதைப் படித்தபோது நூலகக்காரி எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிவியில் பார்த்த ஆசை மனதில் சூடாக இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் புத்தகம் கைக்கு வந்துவிட வேண்டும். புதுப் புத்தகம் எங்கள் அடுக்குக்கு வருவதற்குள் கேட்டவர் மறந்துபோவார். 300, 400 ரூபாய் கொடுத்து வாங்க முடியாதவர்தான் நூலகத்துக்கு வருகிறார். உன்னால் பத்தாயிரம் பிரதி கொடுக்க வைக்க முடியாது. ஆனால் பதிப்பகத்தாரிடம் பேசும்போது, மாவட்ட மைய நூலகங்களுக்கு ஒரு பிரதியாவது முன்கூட்டி அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார். பத்தில் மூன்று பேர் அனுப்பினால்கூட நல்லது.

ஓப்ராவுக்கு ஒரு தடவை சறுக்கியது. 2005இல் ஜேம்ஸ் ஃப்ரே எழுதிய தன்வரலாற்றை எடுத்துப் பேசினார். அதில் பல சம்பவங்கள் உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது. முதலில் அவருக்கு ஆதரவாகப் பேசிய ஓப்ரா, 2006 ஜனவரியில் தன் நிகழ்ச்சியிலேயே தான் தவறு செய்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். உனக்கும் தப்பு வரும். வந்தால் அடுத்த வாரமே அதே நான்கு நிமிடத்தில் சொல்லிவிடு.

நான்கு நிமிடம் குறைச்சல் என்று நினைக்காதே. தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்னபோது அவருக்கும் சில நிமிடங்கள்தான். உன் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் வந்ததும் அம்மியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். சாயங்காலம் பக்கத்து வீட்டில் போய் அந்தக் கதையை அப்படியே சொல்லுவாள். அந்தப் பேச்சுகள் புத்தகமாக வந்தபோது, 'ரேடியோக்காரர் புஸ்தகம்' என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! பைண்டிங் பிரிந்து, நூல் வைத்துத் தைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் பெரிய வார்த்தை ஒன்றுகூடச் சொல்லமாட்டார். தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

அதனால் 'இந்த நூற்றாண்டின் முக்கியப் படைப்பு' என்றெல்லாம் ஆரம்பிக்காதே. புத்தகத்திலிருந்து அரைப் பக்கம் வாய்விட்டுப் படி. பிபிசி ரேடியோவில் 1949லிருந்து 'புக் அட் பெட்டைம்' என்று ராத்திரி தூங்கும் முன் கால் மணி நேரம் புத்தகத்தை வெறுமனே படித்துக் காட்டுகிறார்கள். விளக்கம் எதுவும் கிடையாது. நீ அரை நிமிடம் படித்தால் போதும், எழுதியவரின் குரல் எப்படிப்பட்டது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பிடித்தால் வருவார். அப்புறம், பெயரையும் எழுதியவரையும் பதிப்பகத்தையும் நிதானமாக இரண்டு தடவை சொல். அட்டையைத் திரையில் பத்து விநாடியாவது நிறுத்து. என்னிடம் வந்தவர்கள் "பச்சை அட்டை, அதில ஒரு மரம்" என்றுதான் சொல்லுவார்கள். அட்டை மனதில் நின்றிருந்தால் நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவேன்.

எதை எடுப்பது என்று கேட்டாய். என் புத்தகத்தைச் சொல் என்று போன் பண்ணுகிறவர்களை வைத்து முடிவு செய்யாதே. சென்னையில் மேடை போட்டு வெளியிட முடியாதவர்கள் திருநெல்வேலியிலும் கிருஷ்ணகிரியிலும் கடன் வாங்கிப் புத்தகம் போடுகிறார்கள். மாதத்தில் ஒரு வாரம் அவர்களுக்கு ஒதுக்கு. பிடிக்காத புத்தகத்தைப் பிடித்தது என்று சொல்லாதே, மேலிடத்தில் யார் சொன்னாலும். அது ஒரு தடவை தெரிந்துபோனால் பிறகு நீ எதைச் சொன்னாலும் திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

நம் கிளையில் இப்போது இருக்கும் பெண்ணிடம் பேசிவிட்டேன். வாசலில் ஒரு கரும்பலகை சும்மாதான் கிடக்கிறது. 'இந்த வாரம் டிவியில்' என்று எழுதிப் புத்தகத்தின் பெயரைப் போடலாம் என்று சொன்னாள். நீ ஒரு வாரம் முன்னாலேயே எனக்குப் பெயரை அனுப்பிவிட்டால், புத்தகம் இருக்கிறதா என்று தேடி எடுத்து மேசைமேல் வைத்துவிடுவோம்.

உங்கள் சேனல் நம் கேபிளில் எந்த எண் என்று அப்பா இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார். முதல் நிகழ்ச்சி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா