துணி அவர்களுடையது, கூலி நம்முடையது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அம்மாவும் நானும் நலம்.

குறைந்த முதலீட்டில் தொடங்கலாம் என்று நீ அனுப்பிய தொழில் பட்டியலை இரண்டு முறை படித்தேன். சோப்பு, சிப்பிக் காளான், டி-ஷர்ட் பிரிண்டிங். பதினாறு மாதமாக வேலை தேடி அலுத்துப்போய் இதையெல்லாம் எழுதியிருக்கிறாய் என்று புரிகிறது. எதையும் கெட்ட தொழில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'குறைந்த முதலீடு' என்று வீடியோவில் சொல்கிறவர்கள் தொடங்குகிற அன்று எவ்வளவு செலவு என்று மட்டும்தான் சொல்கிறார்கள். போட்ட பணம் எத்தனை நாள் கழித்துத் திரும்பும் என்று சொல்வதில்லை.

சோப்பையே பார். எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றுவது ஒரு மாலை வேலை. (சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். செய்வதாக இருந்தால் இதை மறக்காதே.) அடுப்பில் வைத்துக் காய்ச்சாத முறையில் செய்தால், வெட்டிய கட்டிகள் நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் கிடந்து பதமாக வேண்டும். வாரம் ஒரு ஈடு போட்டால், முதல் ஈடு விற்பனைக்கு வருவதற்குள் ஆறு ஈட்டுக்கான பணம் அலமாரியில் முடங்கியிருக்கும். காளான் இதற்கு நேர்மாறு. அவித்த வைக்கோலைப் பையில் அடைத்து விதை போட்டு இரண்டு மூன்று வாரம் இருட்டில் வைத்தால் பை முழுக்க வெள்ளை பூக்கும், அப்புறம் மொட்டு வரும். பறித்துவிட்டால் ஓரிரு நாளில் விற்றாக வேண்டும். சோப்பு உன்னைக் காக்க வைக்கும், காளான் உனக்காகக் காத்திருக்காது. வாங்குகிற ஆளை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் பை கட்டுகிறவனுக்கு அது நல்ல தொழில்தான்.

பிரிண்டிங்கில் இன்னொரு கணக்கு இருக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்து 100 ஆகிற சட்டையை 125க்கு விற்கிறாய். 25 லாபம், பரவாயில்லையே என்று தோன்றும். நண்பன் ஒருவன் '10 சதவீதம் குறைடா' என்பான். விற்கிற விலையில்தான் அந்தப் பத்து, ஆக 12.50 போய்விடும். பாதி லாபத்தை ஒரு சிரிப்புக்குக் கொடுத்தாயிற்று.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ மூன்றாவது படிக்கும்போது வீட்டில் இரண்டு தையல் மெஷின் இருந்தது, நாலாவது போகும்போது ஒன்றுதான் இருந்தது. 'ஒன்று ரிப்பேர்' என்று உன்னிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. ஒரு நிறுவனம் 300 சீருடை தைக்கச் சொன்னது. எனக்குத் தலைகால் புரியவில்லை. துணியைக் கடனில் எடுத்தேன், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினைத் தவணையில் வாங்கினேன், உதவிக்கு இரண்டு பேரை வைத்தேன். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே கொடுத்தேன். பணம் வந்தது ஐந்து மாதம் கழித்து. அதற்குள் துணிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார், ஓவர்லாக்கை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன். அந்த ஆர்டரில், தாளில் பார்த்தால், எனக்கு நல்ல லாபம். தாளில்.

அந்த ஐந்து மாதமும் நம் வீட்டில் உலை வைத்தது ஆல்ட்டரேஷன். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது. மற்ற தையல்காரர்கள் வேண்டாவெறுப்பாகச் செய்கிற வேலை. துணி வாடிக்கையாளர்களுடையது. ஜிப்பைக்கூட அவர்களையே வாங்கிவரச் சொல்வேன். என் பக்கம் நூல், ஊசி, கத்தரி, சாக்கட்டி. காலையில் கொடுப்பார்கள், மாலையில் காசு. புதுப் பருத்திப் பேன்ட்டாக இருந்தால் 'ஒரு தடவை துவைத்தாயிற்றா?' என்று கேட்டுவிட்டுத்தான் சாக்கட்டியைத் தொடுவேன். கேட்காமல் மடித்து, முதல் துவைப்பில் சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிய பேன்ட்டோடு ஒருவர் வந்து நின்ற அன்று கற்றுக்கொண்டது அது. அந்த ஒரு கேள்விக்காகவே சிலர் வேறு கடைக்குப் போவதில்லை.

சரக்கு யாருடையது என்று கேட்டுக்கொள் தம்பி, தொழிலின் பாதி குணம் அதில் தெரிந்துவிடும். முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1976ல் வங்கதேசத்தில் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்குத் தன் கையிலிருந்து கடனாகக் கொடுத்தது மொத்தமே 27 டாலர். அங்கே மூங்கில் முக்காலி முடைகிறவர்கள் மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன் வாங்குவார்கள், முடைந்ததை அவன் சொன்ன விலைக்கு அவனிடமே கொடுத்தாக வேண்டும். வேலை தெரியாமல் அவர்கள் ஏழையாக இருக்கவில்லை, சரக்குக்குப் பணம் போட்டவன் கையில் விலை இருந்தது. யூனுஸ் பின்னால் ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கிற கிராமீன் வங்கியைத் தொடங்கி, 2006ல் நோபல் அமைதிப் பரிசை அந்த வங்கியோடு சேர்ந்து வாங்கினார். வாடிக்கையாளரே சரக்கைக் கொண்டுவந்தால் அந்த முதல் கடனே நமக்குத் தேவைப்படாது. ரிப்பேர், ட்யூஷன், வீடு சுத்தம் செய்வது, வயதானவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, எல்லாம் இந்த ஜாதிதான்.

இப்போது உன் விஷயம். போன முறை நீ வந்திருந்தபோது எதிர்வீட்டுக்காரரின் பழைய லேப்டாப்பைத் திறந்தாயே, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இருந்த படம், கணக்கு எல்லாவற்றையும் முதலில் தனியே எடுத்து வைத்தாய். சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுற்றாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கைப் போட்டாய். ஃபேனில் பஞ்சு மாதிரி அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் எடுத்தாய். பத்து நிமிஷம் முனகிக்கொண்டு திறந்த மெஷின், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திறந்தது. எஸ்எஸ்டியை வாங்கி வந்தது அவர். உன் முதலீடு ஒரு திருப்புளி. அவர் 'எவ்வளவு?' என்று கேட்டபோது நீ 'அய்யோ, அதெல்லாம் வேண்டாம் அங்கிள்' என்று உள்ளே ஓடிவிட்டாய்.

தொழில் உன் கையில் இருக்கிறது. கூலி கேட்கிற வாய்தான் இல்லை. எனக்கும் இருந்ததில்லை, அம்மாதான் திரைக்குப் பின்னாலிருந்து தொகையைச் சொல்வாள்.

எவ்வளவு கேட்பது என்றால் இப்படிப் பார். நாளுக்கு 600 நிற்க வேண்டும், எட்டு மணி நேரம் உழைக்கிறேன், அதனால் மணிக்கு 75 என்று போட்டால் ஏமாந்துவிடுவாய். போகிறது, வருகிறது, போனில் பதில் சொல்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கிறது எல்லாம் போகக் கூலி விழுகிற நேரம் நாலு மணிதான். மணிக்கு 150 வாங்கினால்தான் அந்த 600. வேலையைத் தொடுவதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிடு, முடித்த பிறகு சொன்னால் எந்தத் தொகையும் அதிகமாகத்தான் தெரியும். வருகிற காசுக்குத் தனி டப்பா வை. உப்பிப்போன பேட்டரி வந்தால் குத்தாதே, நெம்பாதே, வேண்டாமென்று திருப்பிக் கொடு.

விலையுயர்ந்த கருவி எதையும் இப்போது வாங்காதே. ஒரு கருவி இல்லாததால் மூன்று வேலையைத் திருப்பி அனுப்பினாய் என்றால், நாலாவது வருவதற்குள் வாங்கு. ஓவர்லாக் விஷயத்தில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

எதிர்வீட்டுக்காரர் நேற்று வந்தார். அவருடைய மகளின் லேப்டாப்பும் அதே மாதிரி முனகுகிறதாம். இந்த முறை 'கூலி எவ்வளவு என்று தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்' என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தொகையை நீயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா