பில் காகிதத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளாஸ்டிக் தயாரிப்பில் சேர்க்கும் பிஸ்பினால் ஏ (சுருக்கமாக பிபிஏ) என்ற வேதிப்பொருளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் கேன், பால் புட்டி, டின் உணவு எல்லாம் சொல்லியிருந்தார்கள். கடையில் கிழித்துத் தரும் பில்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போதைய பில்லில் மை கிடையாது. காகிதத்தின் மேல் பூசியிருக்கும் நிறமில்லாத சாயமும் இன்னொரு வேதிப்பொருளும் சூடு பட்டதும் கலந்து கறுப்பாகின்றன. நகத்தால் அழுத்திக் கீறினாலே கோடு விழும். அந்த இன்னொரு பொருளாகப் பல காலமாகப் பயன்படுத்தி வருவது பிஸ்பினால் ஏதான். கேனில் அது பிளாஸ்டிக்கோடு பிணைந்து கிடக்கிறது, சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பில்லில் எதனோடும் பிணையாமல் மேற்பூச்சிலேயே இருப்பதால், தொட்டாலே விரலில் ஒட்டிக்கொள்ளும்.

திருச்சி என்.எஸ்.பி. சாலையில் எந்தத் துணிக்கடைக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பில் போடும் பெண் கிழித்துக் கொடுப்பார், காசு வாங்குபவர் முத்திரை குத்துவார், பொருள் தருமிடத்தில் சரிபார்த்து ஓட்டை போடுவார்கள். ஒரே பில் மூன்று பேர் கையில் புரள்கிறது. பில் கட்டை எண்ணும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பண்டிகை நேரத்தில் கை கழுவக்கூட எழுந்து போக முடியாது. அதற்குப் பதிலாக மேஜையில் சானிடைசர் வைத்திருப்பார்கள். அதுதான் வம்பு. சானிடைசர் பூசிய ஈரக்கையில் பில்லைப் பிடித்தால் இந்தப் பொருள் தோலுக்குள் இன்னும் வேகமாக இறங்குகிறது என்று 2014-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவிலேயே வெளியான இன்னொரு ஆய்வில், 24 பேரை இரண்டு மணி நேரம் விடாமல் பில் கையாள வைத்தார்கள். வெறுங்கையோடு செய்தபோது சிறுநீரில் பிஸ்பினால் ஏ அளவு கூடியது. கையுறை போட்டுச் செய்தபோது குறிப்பிடும்படி கூடவில்லை.

உடனே யாரும் பில்லைப் பார்த்து அலற வேண்டாம். வாரத்துக்கு நாலு பில் வாங்கும் நமக்கு உணவு வழியாக வருவதுதான் அதிகம், உடலும் ஒரு நாளுக்குள் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். ஆனால் தினமும் தொட்டுக்கொண்டே இருப்பவருக்கு வெளியேற வெளியேறப் புதிதாகச் சேருகிறதே. இது பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் பொருள் என்பது 1930-களிலேயே தெரிந்த விஷயம். எந்த அளவு வரை ஆபத்தில்லை என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் சண்டை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன் பழைய வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் அரசு நிறுவனமோ அவ்வளவு தேவையில்லை என்கிறது. இந்தச் சண்டை தீரட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. கருவுற்ற காசாளர்களின் குழந்தைகளை முன்வைத்து பிரான்ஸ் கேட்டதன் பேரில், பில் காகிதத்தில் எடையில் 0.02 சதவீதத்துக்கு மேல் பிஸ்பினால் ஏ இருக்கக்கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இதையும் சேர்த்து எழுதியிருந்தால் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம் ஊரிலும் 'பிபிஏ இல்லாத' பில் சுருள் விற்கிறது. அதில் பல நேரம் பிஸ்பினால் எஸ் இருக்கும். அதுவும் ஹார்மோனோடு விளையாடுகிற அதே குடும்பத்துச் சரக்குதான். சுவிட்சர்லாந்து இரண்டையும் சேர்த்தே தடை செய்தது. செய்தால் அப்படிச் செய்ய வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது 2021-இல் நம் தமிழக அரசு. நாற்காலி போட வைத்தவர்களுக்கு இது பெரிய வேலையா? முதலில் அரசு வாங்கும் சுருளிலிருந்தே தொடங்கலாம். பேருந்து நடத்துநர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷினுக்கு வாங்கும் சுருளில் எந்த பிஸ்பினாலும் இருக்கக்கூடாது என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். கடைக்காரர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவுற்ற பெண்களை பில் மேஜையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றலாம், சாப்பாட்டுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவ ஐந்து நிமிடம் விடலாம். வாங்குகிற நாமும் கைப்பேசிக்கு பில் வந்த பிறகு காகிதம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அடுத்த இதழில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். பில் போடுகிறவர்களையே பேட்டி எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி