அந்த ஜிப் கோப்பை அப்படியே அனுப்பியவருக்கு

நண்பர்களே, வணக்கம்.

பழுதான வட்டில் சிக்கிய என் மூன்று புனைமொழிகளும், அதாவது கற்பனையில் நானே ஆக்கிய மொழிகளும், மீண்டுவிட்டன. கடைசிச் சொற்பட்டியல் நேற்றிரவு எழுத்துக்குப் பதிலாக ஒரு கட்டம்கூட விழாமல், எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் திறந்தது. என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். அதில் பெரும்பங்கு ஒருவருக்குப் போகிறது. மற்றவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

புனைமொழிக்காரர்கள் நடத்தும் மொழிபெயர்ப்புத் தொடர் ஓட்டத்தில் ஒருவர் தம் மொழியில் ஒரு சிறு பத்தி எழுதி அடுத்தவரிடம் கொடுப்பார். அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தேவையான சொற்களும் இலக்கணக் குறிப்பும் கூடவே போகும். வாங்கியவர் அதைத் தம் மொழிக்குப் பெயர்த்து, தம் குறிப்புகளோடு அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். ஆக ஒவ்வொரு மொழியின் ஒரு துளி இலக்கணமும் வரிசையில் அடுத்து நின்றவரிடம் தங்கிவிடுகிறது. அதை ஒரு காப்புப் பிரதி என்று யாரும் நினைப்பதில்லை. என் இரண்டாவது மொழிக்கு அடுத்து நின்றவர் நீங்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தாளை வைத்திருந்தீர்கள்.

வைத்திருந்ததைவிட நீங்கள் அனுப்பிய விதம்தான் எங்களைக் காப்பாற்றியது. பழைய கோப்பு வேண்டும் என்று கேட்டால், நல்ல மனதோடு பலரும் ஒன்று செய்வார்கள். திறந்து பார்த்து, கலைந்து தெரிவதைச் சரிசெய்து, புது வடிவில் சேமித்து அனுப்புவார்கள். பாதித் தகவல் அங்கேயே போய்விடும். நீங்கள் திறக்கவே இல்லை. ஆவணம், அதோடு வந்த ஃபாண்ட், அன்றைய கடித வரி எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் போட்டு, கோப்பு வழியில் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் 64 எழுத்து நீளமுள்ள ஷா-256 செக்சத்தைத் தனியாக எழுதி அனுப்பினீர்கள். வந்ததும் கணக்கிட்டுப் பார்த்தோம், ஓர் எழுத்து பிசகவில்லை.

திறக்காமல் விட்டது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். அந்த ஆவணத்தில் மூன்று ஃபாண்டுகள். தமிழ்ப் பொருள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரையும் பழைய ஃபாண்டான பாமினியில், மொழியின் சொற்கள் அதற்கென்று வரைந்த ஃபாண்டில், இலக்கணக் குறிப்பு சாதாரண ஆங்கில ஃபாண்டில். உள்ளே இருக்கும் குறியீட்டு எண்ணோ ஒன்றேதான். ஆங்கிலச் சிறிய 'கே' பாமினியில் ம, மொழியின் ஃபாண்டில் ஒரு நெடில் குறி, ஆங்கிலத்தில் வெறும் கே. எந்தத் துண்டு எந்த ஃபாண்டில் இருக்கிறது என்பது ஆவணத்துக்குள் மட்டுமே பதிவாகியிருக்கும். வெறும் உரையாக வெட்டி ஒட்டிய நொடியில் அது அழிந்துவிடும். அதன்பிறகு எது தமிழ், எது புனைமொழி என்று எந்த மாற்றியாலும் பிரிக்க முடியாது. தானியங்கித் திருத்தத்தை ஓட்டிவிட்டால் இன்னும் மோசம். வாக்கியத் தொடக்கம் என்று நினைத்து அது சிறிய எழுத்தைப் பெரிதாக்கும். பாமினியில் பெரிய 'கே' என்றால் மு. 'மடி' 'முடி' ஆகிவிடும், அதுவும் ஒரு சொல்தான் என்பதால் யார் கண்ணிலும் படாது.

ஜிப் காப்பாற்றிய இன்னொன்று தேதி. கோப்பை மின்னஞ்சலில் தனியாக இணைத்தால், இறக்கிய நாளே பெரும்பாலும் அதன் தேதியாகிவிடும். ஜிப்புக்குள் கடைசியாகத் திருத்திய நேரம் இரண்டு வினாடித் துல்லியத்தில் அப்படியே இருக்கும். எங்களிடம் இருந்த சொற்பட்டியல்கள் எல்லாமே பிரதி எடுத்த தேதியைத்தான் காட்டின, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்ல வழியில்லை. உங்கள் தாளின் தேதி, மொழியின் பழைய ஒலிகள் சில வேறாக மாறிய ஒலிமாற்றத்துக்கு முந்தியது. அது தெரிந்ததும் மற்றவை தானாக வரிசைக்கு வந்தன.

இதைக் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். பிந்திய பட்டியலில் 'நெள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: விளக்கு, இரவல் கொடு. ஒரு சொல்லின் இரு பொருளா, இரு சொற்களா என்று பட்டியலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒலிமாற்ற விதிகளை முன்னோக்கி ஓட்டுவது எளிது, நிரல் செய்துவிடும். இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிட்டால் பின்னோக்கி ஓட்ட முடியாது. உங்கள் தாளில் 40 சொற்கள்கூட இல்லை, ஆனால் அவற்றில் 'நெழா' விளக்கு, 'நெளா' இரவல் கொடு. முடிச்சு அவிழ்ந்தது. விதிகளின் வரிசையும் அதிலேயே கிடைத்தது. உயிர்களுக்கு இடையே ழ வந்தால் ள ஆகும் என்பது ஒரு விதி, சொல்லின் கடைசி உயிர் உதிரும் என்பது இன்னொன்று. உயிர் முதலில் உதிர்ந்திருந்தால் ழ-வுக்குப் பின்னால் உயிர் இருந்திருக்காது, 'நெழ்' என்றே நின்றிருக்கும். 'நெள்' என்று இருப்பதால் ழ மாறிய பிறகே உயிர் உதிர்ந்திருக்கிறது. இந்த வரிசையை வைத்து மூல மொழியிலிருந்து முழுப் பட்டியலையும் மறுபடி ஓட்டினோம். பொருந்தாமல் நின்ற சொற்களை அழிக்கவில்லை, 'விலக்கு' என்று குறித்து அப்படியே விட்டிருக்கிறோம். பழைய வடிவத்தின் மேல் புதியதை எழுதவும் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் சொல், ஒலிப்பு, வகை, பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்று தனித்தனி நெடுவரிசை இருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன். எதையும் தொடும் முன்பு வட்டின் முழு நகலை, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் நிரலான டிடிரெஸ்க்யூவில் எடுத்தவருக்கு. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதல் சுற்றில் எடுத்துக்கொண்டு, திணறும் இடங்களை மேப் கோப்பில் குறித்துவைத்துக் கடைசியில் மட்டும் மறுபடி முயல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அவர்தான். பாமினி மாற்று அட்டவணை எழுதியவர், நீளமான கோவைகளை முதலில் மாற்ற வேண்டும் என்பதையும், பாமினியில் எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பை யூனிகோடில் பின்னால் நகர்த்த வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. 'ொ' ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம் என்பதால் எல்லாவற்றையும் யூனிகோடின் ஒரே சீரான என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் அவரே. அது இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படாது.

புனைமொழிகளின் எழுத்துகளை ஆங்கில விசைகளிலிருந்து பிரித்து, யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உள்ள 6,400 இடங்களுக்குள் குடியேற்றியவருக்கும் நன்றி. ஸ்டார் ட்ரெக்கில் வரும் புனைமொழியான கிளிங்கனின் எழுத்துக்கே 2001-இல் யூனிகோடு இடம் தரவில்லை, நம் எழுத்துகளுக்கு இந்தப் பகுதிதான் வீடு. அங்கே எண்ணுக்கு நிலையான பொருள் கிடையாது. ஃபாண்ட் தொலைந்தால் உரையும் தொலைந்த மாதிரிதான். அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒலிபெயர்ப்பு, எழுத்துகளின் படம், ஃபாண்ட் மூன்றும் ஒரே உறையில் இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது முழுக்கச் சரி. மொழிக் குறி எது என்று கேட்டவர்களுக்கு: உள்பயன்பாட்டுக்கென்றே சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஒதுக்கிய க்யூஏஏ முதல் க்யூடிஇசட் வரையுள்ள 520 குறிகளில் மூன்றை எடுத்துக்கொண்டோம்.

உரிமம் எழுதச் சொன்னவர் சொன்னதும் சரி. சாமன்ஹோஃப் 1887-இல் தாம் ஆக்கிய சர்வதேசப் பொதுமொழியான எஸ்பெராண்டோவை வெளியிட்டபோதே, அது எல்லோருக்கும் பொதுச் சொத்து, தமக்கு உரிமை வேண்டாம் என்று அச்சிட்டுவிட்டார். அப்படி ஒரு வரி இல்லாத மொழியை, ஆக்கியவர் போன பிறகு தொடவே மற்றவர்கள் தயங்குவார்கள். மூன்று மொழிகளின் உறையிலும் அந்த வரி இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது.

தொடர் ஓட்டங்களில் எனக்கு முன்னால் நின்றவர்களின் தாள்கள் என்னிடமும் இருக்கின்றன. அவற்றில் சில மொழிகளுக்கு வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்பதே சந்தேகம். இந்த வாரம் முதல் ஒவ்வொன்றையும் உரியவருக்கு அனுப்புகிறேன். திறக்க மாட்டேன், திருத்த மாட்டேன், ஃபாண்டோடும் செக்சத்தோடும் ஜிப்பாகவே வரும். முகவரி மாறியவர்கள் ஒரு வரி எழுதிவிடுங்கள்.